கமாண்டர் அனுப்பிய பதில் ஆள்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ ஒரு தமிழ்ச் சங்கம் விழா எடுக்கிறது என்றால், அழைப்பிதழ் அச்சாவதற்கு முன்பே கமாண்டர் பக்கிரிசாமிக்குத் தொலைபேசி அழைப்பு வந்துவிடும். மேடையில் பேசக் கூப்பிட அல்ல, பொன்னாடை போர்த்தவும் அல்ல. முன்வரிசையில் யாரை எங்கே உட்கார வைப்பது என்று கேட்கத்தான். டான்ஸ்ரீக்கு வலப்பக்கம் யார், இரண்டு டத்தோக்கள் ஒரே வருடத்தில் பட்டம் வாங்கியிருந்தால் யார் பெயரை முதலில் வாசிப்பது, வருகிறேன் என்றவர் வராமல் மைத்துனரை அனுப்பிவிட்டால் அந்த மைத்துனரை எந்த நாற்காலியில் வைப்பது, இப்படித் தலைபோகிற காரியங்கள். கமாண்டர் பொறுமையாகக் கேட்டு, ஒரு தாளில் கட்டம் போட்டுப் பெயர்களை எழுதி அனுப்புவார். விழா அன்று அவருக்கு நாலாவது வரிசையில் இடம் இருக்கும். அதையும் அவரே எழுதியிருப்பார்.

இருபத்தெட்டு வருடம் கடற்படை, பதினான்கு வருடம் தூதரகம். அத்தனைக்கும் பிறகு கையில் மிஞ்சியது இந்த நாற்காலிக் கணக்குதான். அறுபத்தாறு வயதில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பதினோராவது மாடி வீட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் உட்காரும் இடத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பது அவருக்கே சில நேரம் எரிச்சலாக இருக்கும். ஆனால் மறுக்கமாட்டார். மறுப்பது என்ற வித்தை அவருக்குப் பழக்கமில்லை.

அப்பா சின்னையா ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலையில் இருந்தார். இதே பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் பக்கிரிசாமி பிறந்தார். பதினெட்டு வயதில் கடற்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் பார்த்து மனுப் போட்டார். அதுவரை அவர் பார்த்த கடல், பள்ளிச் சுற்றுலாவில் போர்ட்டிக்சனில் முழங்கால் வரை நனைத்த தண்ணீர்தான். எடுத்துக்கொண்டார்கள். பையனுக்குக் கணக்கு நன்றாக வந்தது, வாந்தி வரவில்லை. அதிகாரியாகிவிட்டார். மலாய்க்கார மாலுமிகள் அவரை ‘துவான் பக்ரி’, அதாவது பக்ரி ஐயா, என்றார்கள். பக்கிரிசாமி என்று முழுசாகச் சொல்வதற்குள் அலை அடித்து அடுத்த வேலை வந்துவிடும். ஒரு ரோந்துக் கப்பலுக்குத் தலைமை ஏற்கும் அளவுக்கு உயர்ந்தார். கமாண்டர் என்ற பதவிப் பெயர் அப்போது ஒட்டியது. பதவி போன பிறகும் பெயர் போகவில்லை.

கப்பலில் அவர் கற்ற பாடங்களில் ஒன்று ரத்தத்தில் ஊறிவிட்டது. கப்பலைச் செலுத்தும் அறையில் நாலு மணி நேரத்துக்கு ஒரு அதிகாரி முறை மாறுவார். வருகிறவர் ‘கப்பல் இனி என் பொறுப்பு’ என்று வாய்விட்டுச் சொல்வார். சொன்ன நொடியிலிருந்து போகிறவருக்கு அதில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இறங்கிப் போய்த் தூங்கலாம். மறுபடி முறை வந்தால் மறுபடி அதே வாசகம்.

பிறகு ஒரு தூதரகத்தில் பாதுகாப்பு ஆலோசகராகப் போட்டார்கள். போன இடத்தில் மனிதர் நன்றாகப் பேசினார், அதைவிட நன்றாகப் பேசாமல் இருந்தார். அது பிடித்துப்போய், கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றதும் வெளியுறவுப் பணியிலேயே வைத்துக்கொண்டார்கள். நாடு நாடாகப் போனார். கடைசி நாலரை வருடம் வரைபடத்தில் சுண்டுவிரலால் மறைத்துவிடக்கூடிய ஒரு தீவு நாட்டுக்குத் தூதராகவே இருந்தார். அங்கேயும் கப்பலில் கற்ற அதே பாடம்தான் நடந்தது. தூதர் ஊரில் இல்லையென்றால் அடுத்த நிலை அதிகாரி அவர் நாற்காலியில் உட்கார்வார், கையெழுத்துப் போடுவார், விருந்துக்குப் போவார். தூதர் திரும்பி வந்ததும் எழுந்துகொள்வார். பெரிதாக நன்றி சொல்லும் வழக்கம்கூட இல்லை. இடம் என்பது அனுப்பியவருக்குச் சொந்தம், உட்கார்ந்தவருக்கு அல்ல. இதை அவர் உலக நியதி என்றே நம்பிவிட்டார். அந்த நம்பிக்கைதான் அவரைக் கிள்ளானில் காலை வாரியது.

கிள்ளானில் அவருடைய ஒரே தங்கை இராஜம்மா இருக்கிறாள். அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அவளுக்கு ஒரே மகள் தாமரை. கமாண்டருக்கும் மனைவி வாணிக்கும் பிள்ளை இல்லை. ஆகவே இந்த உலகத்தில் அவரை மாமா என்று கூப்பிட உரிமையுள்ள ஒரே ஜீவன் தாமரைதான்.

தாமரைக்கு ஒரு வயதில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்தவேண்டும். கமாண்டர் அப்போது லுமுட் கடற்படைத் தளத்திலிருந்து கப்பல் எடுக்கும் அவசரத்தில் இருந்தார். தங்கை வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நாகையா என்ற லோரி ஓட்டுநர் குடியிருந்தார். கல்யாணமாகி வந்தபோது இராஜம்மாவின் சாமான்களை ஏற்றி வந்தவர், நல்ல மாதிரி. உறவு கிடையாது. கமாண்டர் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “நாகையா, எனக்குப் பதிலா நீங்க ஒக்காருங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க” என்றார். நாகையா உட்கார்ந்தார். குழந்தை அவர் சட்டையைக் கடித்து அழுதது.

பதினொரு வருடம் கழித்துத் தாமரை பெரிய மனுஷியானாள். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும். கமாண்டர் அப்போது வேறொரு நாட்டில் ஒரு மாநாட்டுக்கு மேசை போட்டுக்கொண்டிருந்தார். மறுபடியும் ஒரு அழைப்பு, மறுபடியும் நாகையா. பதினைந்து தட்டு வைத்துச் சீர் கொண்டுபோனார் என்று வாணிதான் யாரிடமோ கேட்டுச் சொன்னாள். கமாண்டருக்குத் திருப்தி. காரியம் தடையில்லாமல் நடந்தது, தன் இடம் காலியாக இல்லை. அவர் அறிவுக்கு எட்டியவரை எல்லாம் முறைப்படிதான் இருந்தது.

ஓய்வு பெற்றுத் திரும்பி ஆறு வருடம் ஆகிறது. கேஎல் சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் வாய்த்தது. மற்ற நாளெல்லாம் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று போனது. வேலை இல்லாத மனிதனுக்கு வரும் களைப்பு இருக்கிறதே, அது வேலை செய்தவனுக்குக்கூட வராது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் இராஜம்மா வந்தாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், கற்கண்டு. தாமரைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை செலாயாங்கில் பள்ளி ஆசிரியர். கார்டு இன்னும் அடிக்கவில்லை, மாதிரித் தாளைக் கொண்டுவந்திருந்தாள். கமாண்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பழக்க தோஷத்தில், முதலில் பெயர் வரிசையைத்தான் பார்த்தார். தாய்மாமன் என்ற இடத்தில் அவர் பெயர், அதன் கீழே முன்னாள் தூதர் என்று இருந்தது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இளகியது. எத்தனையோ பதவி ஆணைகளை வாங்கியிருக்கிறார், எதற்கும் இப்படி இளகியதில்லை. இனி இந்த உடம்புக்கு வரப்போகிற கடைசிப் பதவி இதுதான் என்று நினைத்துக்கொண்டார். ஆசையாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன?

இராஜம்மா தண்ணீரைக் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள். “அண்ணே, கார்டுல ஒங்க பேருதான். அதுல ஒரு மாத்தமும் இல்ல. மண்டபத்துல மாலை போட்டு, கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டு வர்றது மட்டும், நாகையாண்ணே செய்யட்டுமேன்னு பாக்குறோம். தாமரை ஆசைப்படுறா. நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது.”

கமாண்டர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. “ஓ, அப்படியா. நல்லதும்மா. யோசிப்போம். இன்னும் நாளு இருக்குல்ல” என்றார்.

தூதர் பாஷையில் ‘நல்லது’ என்றால் காதில் விழுந்தது என்று அர்த்தம். ‘யோசிப்போம்’ என்றால் முடியாது என்று அர்த்தம். மூன்று கண்டங்களில் இந்தச் சொற்களைக் கேட்டுப் பெரிய பெரிய மனிதர்கள் எழுந்து போயிருக்கிறார்கள். கிள்ளானிலேயே காலம் தள்ளிய இராஜம்மாவுக்கு அது தெரியுமா? அண்ணன் சம்மதித்துவிட்டார் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்குத் தெரியும்ணே, நீங்க பெரிய மனசு பண்ணுவீங்கன்னு” என்று காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கொமுட்டருக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டாள்.

கதவைச் சாத்திவிட்டு வந்த வாணி அவர் எதிரில் உட்கார்ந்தாள். பதினோரு வீடு மாற்றிச் சாமான் கட்டியவள் அவள். அவருடைய பேச்சுக்கு அகராதி எழுதும் அளவுக்கு அனுபவம் உண்டு.

“அவ கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஆமா, இல்லன்னு சொல்ல ஒங்களுக்கு நாக்கு வராதா?”

“அது என் எடம், வாணி.”

“யாரு இல்லன்னா? ஆனா அந்த எடத்துல நீங்க ஒரு நாளும் இருந்ததில்லையே.”

“அதான் பதில் ஆளு அனுப்பியிருந்தேன்ல. இப்ப நானே வந்துட்டேன். வந்த பிறகும் அவரே நின்னா என்ன அர்த்தம்?”

வாணி எழுந்தாள். தட்டிலிருந்த வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி வைக்கப் போய்விட்டாள். கமாண்டர் அன்று முழுக்க யோசித்தார். தங்கையிடம் நேராக மறுத்தால் மனக்கசப்பு. மருமகளிடம் கேட்டால் அழுகை. சம்பந்தப்பட்ட மறு தரப்பை நேரில் பார்த்துச் சுமுகமாக முடித்துவிட்டால் யாருக்கும் வலிக்காது. இதுதான் அவருக்குத் தெரிந்த வழி. எத்தனை விவகாரங்களை இப்படி முடித்திருக்கிறார்!

செவ்வாய்க்கிழமை கொமுட்டர் ஏறிக் கிள்ளானில் இறங்கினார். நாகையா விடியற்காலையில் செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றி, கிள்ளான் பாசார் கடைகளில் இறக்கிவிட்டு, பதினோரு மணிக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருப்பார். அறுபதைத் தாண்டிய கட்டையான உடம்பு. கமாண்டரைப் பார்த்ததும் பதறி எழுந்து, நாற்காலியைத் தோள் துண்டால் துடைத்தார்.

“வாங்க சார், வாங்க. ஒரு போன் போட்டிருந்தா நானே பிரிக்பீல்ட்ஸ் வந்திருப்பேன்ல. பாஸ், சாருக்கு ஒரு தே தாரிக், சீனி கொறைச்சு!”

நுரை ததும்ப ஆற்றிய தேநீர் வந்தது. கமாண்டர் பத்து நிமிடம் பேசினார். முதலில் உடல்நலம், பிறகு பிள்ளைகள், பிறகு பழைய நினைவுகள், பிறகு பாராட்டு. விஷயத்தைக் கடைசியில்தான் வைக்கவேண்டும், அதுவும் எதிராளிக்குச் சுமை குறைவதுபோல வைக்கவேண்டும். அப்படியே வைத்தார்.

“இத்தன வருஷம் எனக்குப் பதிலா நீங்க நின்னீங்க, நாகையா. அத நான் மறக்கமாட்டேன். இப்ப நான் ஒரேயடியா வந்துட்டேன். இனிமே அந்தச் சிரமத்த ஒங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு பாக்குறேன்.”

நாகையா கிளாஸைப் பார்த்தபடி இருந்தார். “தாமரை கல்யாணத்தையா சார் சொல்றீங்க?”

“ஆமா.”

“சரி சார். ஒங்க எடம். நீங்க நில்லுங்க.”

அவ்வளவுதான். எதிராளி முரண்டு பிடித்தால் சொல்ல இரண்டு சமாதானங்களும், அதற்கும் மசியாவிட்டால் இருவரும் சேர்ந்து நிற்கலாம் என்ற ஒரு விட்டுக்கொடுப்பும் கமாண்டர் மனதில் தயாராக இருந்தன. எதுவும் தேவைப்படவில்லை. இவ்வளவு சுலபமாக அவர் எங்கேயும் ஜெயித்ததில்லை. சந்தோஷமாக இருக்கவேண்டும். என்னவோ தே தாரிக்கைப் பாதியிலேயே தள்ளி வைத்தார்.

“நீங்களும் குடும்பத்தோட வந்து முன்னால ஒக்காரணும். நானே எடம் போட்டு வைக்கிறேன்” என்றார்.

“அன்னிக்கு எனக்குக் குவாந்தானுக்கு ஒரு லோடு இருக்கு லா சார். சரியாத்தான் போச்சு.” நாகையா சிரித்தார். முப்பது வருடமாகச் செலாயாங்குக்கும் கிள்ளானுக்கும் மட்டும் லோரி ஓட்டுகிறவருக்குக் கிழக்குக் கரையில் இருக்கும் குவாந்தானில் என்ன லோடு என்று கேட்கும் அளவுக்குக் கமாண்டருக்கு அந்த வாழ்க்கை தெரியாது.

கையோடு தங்கை வீட்டுக்கும் போனார். தாமரை கிளினிக்கில் வேலைக்குப் போயிருந்தாள். இராஜம்மா மட்டும் கூடத்தில் உட்கார்ந்து கல்யாணக் கார்டு கொடுக்க வேண்டியவர்கள் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

“விஷயம் முடிஞ்சிருச்சும்மா. நாகையாகிட்ட பேசிட்டேன். அவரே ஒத்துக்கிட்டாரு.”

“எத ஒத்துக்கிட்டாரு?”

“நானே நிக்கிறதுக்கு. இத்தன நாளு எனக்குப் பதிலாத்தானே அவரு நின்னாரு. அவருக்கும் புரியுது.”

இராஜம்மா பேனாவை மூடிக் கீழே வைத்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால் கமாண்டர் தாங்கியிருப்பார். போடவில்லை.

“காதுகுத்துக்கு நீங்க போன் பண்ணீங்க, சரி. சடங்குக்குப் பண்ணீங்க, அதுவும் சரி. என் புருஷன் செத்தப்ப நீங்க யாருக்குண்ணே போன் பண்ணீங்க?”

கமாண்டருக்கு அந்த நாள் நினைவிருந்தது. பத்து வருடத்துக்கு முன்பு. அவர் தீவில் தூதராக இருந்தார். மூன்றாம் நாள் ஓர் அமைச்சர் வருவதாக இருந்தது, ஏற்பாடெல்லாம் அவர் தலையில். விமானமும் தோதாக இல்லை. தங்கையிடம் தொலைபேசியில் அழுதார், அது நிஜமான அழுகைதான். பிறகு மலர்வளையம் அனுப்பச் சொன்னார்.

“மலர்வளையம் வந்து சேந்துச்சுண்ணே. ஒங்க பதவியெல்லாம் போட்டு, ரிப்பன் கட்டி, வாசல்ல வச்சுட்டுப் போனாங்க. ஆனா எனக்குப் பொறந்த வீட்டுக் கோடி போடணும்ல? புருஷன் செத்தவளுக்கு அண்ணனோ தம்பியோதான சேலை கொண்டாந்து போத்தணும். தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு நான் ஒக்காந்திருக்கேன். அப்பா இல்ல, அம்மா இல்ல. எங்கே கோடி, யாரு கோடி போடுறதுன்னு பொம்பளைங்க கேக்குறாங்க. ஒங்களுக்கு அது ஞாபகத்துக்கே வரல, நான் குத்தமாச் சொல்லல. நாகையாண்ணே தெங்கு கிளானா சாலைக்கு ஓடிப்போயி, கடைக்காரன எழுப்பி, ஒரு சேலை வாங்கிட்டு வந்து எம்மேல போத்துனாரு. ‘நான் இருக்கேம்மா’ன்னு சொன்னாரு. அவரு நம்ம ஆளுங்ககூடக் கெடையாது. கூட்டத்துல முணுமுணுத்தாங்க. அவரு காதுல வாங்கிக்கல. அன்னிக்கு அவர யாரும் அனுப்பலண்ணே. நீங்களும் அனுப்பல, நானும் கூப்பிடல.”

கமாண்டர் அவள் எழுதிக்கொண்டிருந்த பெயர்ப் பட்டியலைக் கையில் எடுத்தார், படிக்காமலே திரும்ப வைத்தார்.

“நீங்களே நில்லுங்க. ஒங்க உரிமை, நான் தடுக்கமாட்டேன்” என்றாள் இராஜம்மா. “ஆனா அவரு ஒங்களுக்குப் பதிலா நின்னாருன்னு மட்டும் இன்னொரு தடவ எங்கிட்ட சொல்லாதீங்க.”

திரும்பும் கொமுட்டரில் கமாண்டருக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தார். பத்து வருடமாக ‘கோடி’ என்ற ஒரு வார்த்தை அவர் தலைக்குள் வந்ததே இல்லை. எந்த நாட்டு ராஜா செத்தால் எத்தனை நாள் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுவது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார். சொந்தத் தங்கை தாலி அறுத்து உட்கார்ந்தபோது தான் செய்யவேண்டியது என்ன என்று அவருக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட அதிகமாக, சொல்லத் தெரியாத ஓர் அசதி இருந்தது. இத்தனை வருடம் எதற்காக ஓடினோம் என்ற அசதி.

மறுநாள் காலை நாகையாவைக் கூப்பிட்டார். பின்னால் லோரி இன்ஜின் சத்தம் கேட்டது. இந்தத் தடவை கமாண்டர் உடல்நலம் விசாரிக்கவில்லை.

“நாகையா, நான் கேட்டது தப்பு. நீங்கதான் நிக்கணும். தயவுசெஞ்சு வாங்க.”

இன்ஜின் சத்தம் நின்றது. ஓரமாக நிறுத்தியிருக்க வேண்டும். “அந்தப் பேச்ச விட்டுருங்க சார்.”

“கோவமா?”

“கோவமெல்லாம் இல்ல சார். சத்தியமா இல்ல.” லோரிக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. “இத்தன வருஷமா நான் யாருக்கும் பதிலா நிக்கிறதா நெனச்சதே இல்ல. மொத தடவ நீங்க சொல்லித்தான் போனேன். அதுக்கப்புறம் அந்தப் புள்ளைக்காகத்தான் போனேன். நீங்க வந்து சொன்ன பிறகுதான், ஓ, இது இன்னொருத்தர் எடமாச்சேன்னு தோணிச்சு. தோணின பிறகு எப்படி சார் போயி நிக்கிறது? மாலையைத் தொட்டா கை கூசும்.”

“நான் சொன்னத மறந்துடுங்க.”

“மறக்கணும்னுதான் சார் பாக்குறேன். நீங்க நல்லபடியா நடத்திக் கொடுங்க. புள்ளைக்கு எம்மேல வருத்தம் வராம பாத்துக்குங்க, அது போதும்.”

கமாண்டர் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டார், ஒரு தடவை வாணியை விட்டும் கேட்கச் சொன்னார். நாகையா மரியாதையாகவே மறுத்தார். ‘முடியாது’ என்ற சொல்லை எந்தப் பூச்சும் இல்லாமல் ஒருவர் இவ்வளவு மென்மையாகச் சொல்ல முடியும் என்பது கமாண்டருக்கு அந்த வயதில்தான் தெரிந்தது.

தானும் விலகிவிடலாமா என்று யோசித்தார். விலகினால் யார் நிற்பது? கார்டு அச்சாகி வந்துவிட்டது. தாய்மாமன் இருந்தும் மாலை எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் பெண் தனியாக நடந்து வந்தாள் என்று ஊர் பேசும். ஒதுங்கவும் வழியில்லை. ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய இடத்தில் இப்போது கடமைக்கு நின்றாக வேண்டும். மகளிடம், நாகையா குவாந்தானுக்கு லோடு ஏற்றிப் போவதாக மட்டும் இராஜம்மா சொல்லியிருந்தாள். கல்யாண நேரத்தில் வேறு எதையும் சொல்லி மகள் மனதைக் கெடுக்க அவளுக்கு விருப்பமில்லை.

கல்யாணம் கிள்ளானில் ஒரு மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி முகூர்த்தம். ஆயிரம் பேர் இருக்கும். கமாண்டர் பட்டு வேட்டி கட்டியிருந்தார். மண்டபத்துக்குள் நுழையும்போதே முன்வரிசையைப் பார்த்தார். யாரோ தப்பும் தவறுமாக டத்தோக்களை உட்கார வைத்திருந்தார்கள். ஒருவரும் செத்துப்போய்விடவில்லை. ஒலிபெருக்கியில் ஒரு குரல் “மணமகளின் தாய்மாமன், முன்னாள் தூதர், கமாண்டர்” என்று மூச்சு வாங்க அவர் பெருமைகளை வாசித்தது. இதையெல்லாம் எழுதிக் கொடுத்தது யார் என்று அவருக்குக் கோபம் வந்தது. பிறகுதான், சங்கத்துக்காரர்கள் எப்போதோ தன்னிடமே வாங்கி வைத்திருந்த குறிப்பு அது என்று புரிந்தது.

தாமரை அலங்காரம் முடிந்து மண்டபத்துக் கோடியில் தோழிகளுக்கு நடுவே நின்றாள். இருபத்தேழு வயதுப் பெண், இராஜம்மாவின் அதே நெற்றி. கமாண்டர் தட்டிலிருந்து மாலையை எடுத்தார். கனமான மாலை. அவள் கண்கள் அவர் தோளுக்கு மேலாக வாசல் பக்கம் போய்விட்டுத் திரும்பின. பிறகு தலையைச் சாய்த்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

“கமாண்டர் மாமா, மாமா வரவே மாட்டாங்களா? குவாந்தான் லோடு நாளைக்குப் போகக் கூடாதா?”

மாமா என்றால் அவளுக்கு நாகையா. கமாண்டர் என்ற ஒட்டு இருந்தால்தான் இவர். பேச்சு வந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். அது மரியாதைக்காக என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

சொல்ல ஒரு பதில் கையிலேயே இருந்தது. குவாந்தான் லோடு தவிர்க்க முடியாதது, பாவம், அவரும் வருத்தப்பட்டார், வாழ்த்துச் சொல்லி அனுப்பினார். யாருக்கும் வலிக்காது, யாரும் மாட்டிக்கொள்ளமாட்டார்கள். பதினான்கு வருடம் சம்பளம் வாங்கிக்கொண்டு இந்த மாதிரிப் பதில்களைத்தான் சொன்னார். புள்ளைக்கு எம்மேல வருத்தம் வராம பாத்துக்குங்க என்று நாகையா சொன்னதும் நினைவுக்கு வந்தது.

“லோடெல்லாம் ஒண்ணும் இல்லம்மா” என்றார். “நான்தான் அவரப் போயிப் பாத்து, இது என் எடம், நானே நிக்கிறேன்னு சொன்னேன். அதான் அவரு வரல. அப்புறம் நான் எவ்வளவோ கூப்பிட்டேன். வரல.”

நாதஸ்வரம் ஓங்கி ஒலித்தது. தாமரை அவர் முகத்தையே பார்த்தாள். மை இட்ட கண்ணில் தண்ணீர் நிறைந்தது, ஆனால் அவள் அதைக் கீழே விழவிடவில்லை. புகைப்படக்காரர் ஒருவர் முன்னால் வந்து, “அங்கிள், கொஞ்சம் சிரிங்க” என்றார். பின்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவள் கழுத்தை நீட்டினாள்.

“போடுங்க” என்றாள். “எல்லாரும் பாக்குறாங்க.”

கமாண்டர் மாலையைப் போட்டார். கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு நடந்தார். மணவறைக்கு முப்பது அடி தூரம் இருக்கும். அவள் கை கடைசிவரை அவர் கைக்குள்தான் இருந்தது. விரல்கள் மட்டும் மடங்கவே இல்லை.